மேடு எழுந்த வேங்கைத் தரை

1983 ஜூலை 9, சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கு, குற்றாலம் ஐந்தருவி சாலையில் உள்ள தமது பங்களாவின் கூடத்தில் வெங்கடேஸ்வரன், வயது எழுபத்தொன்று, தலையில் காயத்துடன் இறந்து கிடந்தார். மாலை நான்கு மணிக்குத் தகனம் முடிந்தது. 13ஆம் தேதி, அந்தக் கூடத்துக்குப் பலகைத் தரை போட்ட தச்சு மேஸ்திரி அருமைநாயகம் கைது செய்யப்பட்டார்.

16ஆம் தேதி காலை அருமைநாயகம் தென்காசி கிளைச் சிறையின் கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டு, தன்னைக் காப்பாற்ற வந்த மனிதரிடம், தன்னைக் காப்பாற்ற வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"திங்கக்கிழமை கோர்ட்ல குத்தத்தை ஒத்துக்கிடப் போறேன் அண்ணாச்சி. ரெண்டு வருசம் கெடைக்கும்னு சொல்லுதாவ. கெடைக்கட்டும்."

அண்ணாச்சி என்றது சங்கிலிப்பாண்டியை. இருபத்திரண்டு வருஷம் போலீசில் ஏட்டாக இருந்தவர். ஒரு பெரிய வீட்டு வழக்கில் அறிக்கையை மாற்றி எழுதச் சொன்னார்கள். சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். இப்போது ரதவீதியில் ஒரு மாடி அறை, ஒரு மேஜை, தனியார் துப்பறிவாளர் என்று ஒரு போர்டு, ஓர் உதவியாள். மேஸ்திரியின் மனைவி பாக்கியத்தாய் முந்தின நாள் அந்த மாடிப்படியில் உட்கார்ந்து அழுத அழுகைக்காகத்தான் இப்போது இங்கே நிற்கிறார்.

"ஒத்துக்கிடது இருக்கட்டும் வே. என்ன தப்பு செஞ்சீரு, அதைச் சொல்லும்."

"தரை போட்டேன்."

"தரை போட்டா தப்பா?" என்றான் உதவியாள் ஒலி முகம்மது. "அப்படிப் பாத்தா ஊர்ல பாதிக் கொத்தனாரு உள்ள இருக்கணுமே."

அருமைநாயகம் சிரிக்கவில்லை. விரலை மடக்கி மடக்கித் தரையின் கதையைச் சொன்னார். செத்தவரின் மகன் ஹரிஹரசுப்பிரமணியன் ஜெர்மனியில் இன்ஜினீயர். பழைய பங்களாவைப் புதுப்பித்து சீசனுக்கு லாட்ஜாக விடலாம் என்று ஆறு மாத லீவில் வந்தவர், அந்த ஊர்ப் படப் புத்தகம் ஒன்றைக் காட்டி, இதே மாதிரித் தரை வேண்டும் என்றார். பலகையைக் கீழே ஆணி அடிக்கக் கூடாது. சுவரிலும் அடிக்கக் கூடாது. ஒரு பலகையின் நாக்கு அடுத்த பலகையின் காடிப் பள்ளத்துக்குள் போய் உட்கார வேண்டும். மொத்தத் தரையும் பாய் விரித்தாற்போல தார்த்தாளின் மேல் சும்மா கிடக்கும். மிதக்கும் தரை என்று அதற்குப் பெயராம்.

"செங்கோட்டை மரவாடியில வேங்கைப் பலகை எடுத்து, ரெண்டு மாசம் அந்தக் கூடத்துலயே அடுக்கிக் காயப்போட்டேன். நாலு சுவருலயும் அரை இஞ்சு எடம் விட்டு, மேல ரீப்பர் கட்டையை வச்சு மறைச்சேன். சாரல்ல பலகை ஊதும் பாருங்க, அது நகர எடம் வேணும்லா?"

"ஜூன் மாசம் பூரா சாரல் அடிச்சுதே. அப்ப மேடு எந்திரிச்சுதா?" என்றார் சங்கிலிப்பாண்டி.

"இல்ல. சோறு போட்டுத் திங்கலாம், அப்படி இருந்துது. பெறவு இப்பம் எப்படி எந்திரிச்சுதுன்னு எனக்கு விளங்கல. எங்கயோ கணக்கு தப்பிட்டேன். அய்யா காலையில எந்திரிச்சு வந்து அந்த மேட்டுல தட்டி விழுந்திருக்காவ. என் பலகைதான் கொன்னுருக்கு."

"தண்ணி பட்டிருக்குமோ?"

"படாது. வீட்டு ஆச்சிகிட்ட ரெண்டு தடவ சொல்லிருக்கேன், ஒரு சொம்பு தண்ணி ஊத்தினாலும் கெட்டுப்போவும்னு. அவிய பிழிஞ்ச துணியாலதான் தொடைப்பாவ. என் கண்ணால பாத்தேன்."

வெளியே வந்து ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே ஒலி முகம்மது சொன்னான்: "அண்ணாச்சி, குத்தம் செஞ்சவன் இல்லன்னு சாதிப்பான், பாத்திருக்கேன். செய்யாதவன் செஞ்சேன்னு சாதிக்கிறத இன்னைக்குத்தான் பாக்கேன். இவருக்கு நாம வக்கீலு வைக்கப்பிடாது, வைத்தியர வைக்கணும்."

"வண்டிய எடு. அவன் கைமேல அவனுக்கே சந்தேகம் வந்துட்டு. எனக்கு வரல."

*

பங்களாவில் அவர்களுக்குக் கதவைத் திறந்தவள் செத்தவரின் மூத்த மகள் குழல்வாய்மொழி. பம்பாயிலிருந்து 12ஆம் தேதி வந்து சேர்ந்தவள். அப்பாவின் தலையில் காயம் இருந்தது என்று அடுத்த வீட்டுக்காரர் டிரங்க் காலில் சொன்னதைக் கேட்டு, போலீசைக் கூப்பிட்டவளும் அவள்தான். அதுவரை எல்லோருக்கும் அது மாரடைப்பு. போலீஸ் வந்து கூடத்தில் கால் வைத்த பிறகுதான் தம்பி ஹரிஹரன் மேட்டைக் காட்டி, அப்பா இதில் தட்டி விழுந்தார், கேஸ் கீஸ் என்று மேஸ்திரி அலைய வேண்டாமே என்றுதான் சொல்லவில்லை என்றான்.

"நல்ல மனசு" என்றான் ஒலி முகம்மது.

"தம்பி தென்காசி போயிருக்கான். அம்மா படுத்திருக்கா. சீக்கிரம் பாத்துக்கிடுங்க" என்றாள் அவள்.

ஜன்னலுக்கு நேராக, கூடத்தின் நடுவில் நான்கு பலகைகள் ஒன்றை ஒன்று முட்டித் தூக்கிக்கொண்டு ஒரு முழ அகலத்துக்கு எழும்பி நின்றன. உயரம் மூன்று விரற்கடை இருக்கும். ஒலி முகம்மது குனிந்து தட்டினான். உள்ளே மத்தளம் போலக் கேட்டது.

"பாய்க்குள்ள பூனை படுத்துக்கிட்ட மாதிரில்லா இருக்கு."

சங்கிலிப்பாண்டி மேட்டைப் பார்க்கவில்லை. மேட்டைப் போலீஸ் பார்த்துவிட்டது. அவர் சுவரோரம் குத்தவைத்து, திருப்புளியால் ரீப்பர் கட்டையை நெம்பினார். அரை அங்குல இடம் விட்டதாக மேஸ்திரி சொன்ன இடத்தில் இடமே இல்லை. பலகை ஊதிப்போய் சுவர்ப்பூச்சைக் கடித்துக்கொண்டிருந்தது. அப்படியே நகர்ந்து தெற்கு மூலைக்குப் போய் அங்கும் நெம்பினார். மூலையில் மட்டும் கொஞ்சம் இடுக்கு மிச்சமிருந்தது. கட்டையைத் தூக்கியவர் அப்படியே இருந்துவிட்டார்.

"ஏலே ஒலி, இங்கன வா."

ஒலி முகம்மது எட்டிப் பார்த்தான். ஈரத் தார்த்தாளின் மேல், வெளிச்சம் படாமல் வெளுத்துப்போய், விரல்கணு நீளத்துக்குப் பத்துப் பதினைந்து முளைகள்.

"கூடத்துல நாத்து பாவிருக்காவளே அண்ணாச்சி! போற போக்குல நடுகைக்கு ஆள் விடலாம்."

"எத்தனை நாள் நாத்து?"

"நான் பீடிக்கடைக்காரன் மகன். எனக்கு நெல்லு தெரியாது, சோறுதான் தெரியும்."

"ஆறு ஏழு நாளு." சங்கிலிப்பாண்டியின் குடும்பம் அச்சன்புதூரில் நிலம் பயிரிட்ட குடும்பம், அவருக்கு இதில் புத்தகம் வேண்டியதில்லை. "பெரிய வீட்டுக் கூடத்துல நெல்லு எப்படி வரும்?"

பதில் குழல்வாய்மொழியிடமிருந்து வந்தது. குரல் இறங்கியிருந்தது. "அப்பா தலைமாட்டுல நாழி நெல்லு வச்சு விளக்கு ஏத்திருப்பாவ."

"ஆமா. எடுக்கையில நாலு நெல்லு சிந்தும். சிந்தின நெல்லு நடுக்கூடத்துலயிருந்து நடந்து மூலைக்குப் போகாதுல்லா? தண்ணிதான் தள்ளிக்கிட்டுப் போயிருக்கு. கொஞ்ச நஞ்சத் தண்ணி இல்ல. அந்தத் தண்ணிதான் கீழ இறங்கி, பலகைய ஊதவச்சு, மேட்ட எழுப்பிருக்கு."

ஒலி முகம்மது ஒரு முளையைத் தொட்டுப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அப்பம், அய்யா செத்த பெறவுதான் நாழி நெல்லு. நெல்லுக்குப் பெறவு தண்ணி. தண்ணிக்குப் பெறவு மேடு."

"மேட்டுல தட்டி அவர் சாகல. அவர் செத்ததாலதான் மேடே வந்துருக்கு. சவம் போனதும் வீடு கழுவுவாவளே, அந்தத் தண்ணி."

அன்று விடிகாலையில் வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று சங்கிலிப்பாண்டி குழல்வாய்மொழியிடம் கேட்டார். அம்மாவும் வேலைக்காரி மாடத்தியும் குற்றாலநாதர் கோயிலுக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்தபோது அப்பா கூடத்துக் கல்படியோரம் கிடந்தார், தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருந்தான் என்று மாடத்தி தன்னிடம் சொன்னதாகச் சொன்னாள். லாட்ஜுக்குக் கையெழுத்துப் போட அப்பா சம்மதிக்கவில்லை என்பதையும், கேட்காமலே சொன்னாள்.

"முளைச்ச நெல்லை மட்டும் வச்சு இன்ஸ்பெக்டர்கிட்டப் பேச முடியாதும்மா. எலி கொண்டாந்துதுன்னு சொல்லுவாவ. அன்னைக்குத் தரை மட்டமா இருந்துதுன்னு கண்ணால பாத்த சாட்சி வேணும்."

"வந்தவங்க எல்லாம் தம்பிக்கு வேண்டியவங்க." யோசித்தாள். "படம் எடுத்தாவளாம், என்னால வர முடியலன்னு. அப்பாவ நாற்காலியில உக்காரவச்சு, மாலை போட்டு. நான் கேட்டதுக்கு, படம் சரியா விழலன்னு சொல்லிட்டான்."

"எந்த ஸ்டூடியோ?"

*

அப்துல் மஜீதின் ஸ்டூடியோ தென்காசி பழைய பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்தது. கல்யாணம், காதுகுத்து, சாவு மூன்றுக்கும் ஒரே கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு போகிறவர்.

"அந்த நெகட்டிவ்வா? புதன்கிழமையே அந்தத் தம்பி வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு. போட்ட ரெண்டு பிரிண்டையும் சேத்து. நெனவா வச்சுக்கிடப் போறேன்னாரு."

ஒலி முகம்மது நாற்காலியில் சாய்ந்தான். "முடிஞ்சுது அண்ணாச்சி. அருவியில போட்ட சோப்பு மாதிரி."

சங்கிலிப்பாண்டி சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "பாய், சாவு வீட்டுல எத்தனை தடவ பட்டனை அமுக்குவீரு?"

மஜீது பெருமையாக நிமிர்ந்தார். "எப்பவும் ரெண்டு. செத்தவரு அசையமாட்டாரு. அவரைப் போல ஒழுங்கா போஸ் குடுக்கிற ஆளு இந்த ஊர்லயே கெடையாது. சுத்தி நிக்கவங்கதான் அழுது, மூக்கைச் சிந்தி, தலையைத் திருப்பிக் கெடுத்துருவாங்க. அதனால ரெண்டு."

"அந்தத் தம்பிக்கு எத்தனை குடுத்தீரு?"

"நல்லாருந்த ஒன்னு. இன்னொன்னுல அந்தத் தம்பி மூஞ்சியே கலங்கிப்போச்சு, திரும்பிட்டாரு. அதை யாரு கேப்பா?" சொல்லிவிட்டு அவரே ஒரு கணம் நின்றார். பிறகு மேஜைக்கடியில் கிடந்த அட்டைப்பெட்டியை இழுத்தார்.

முக்கால் மணி நேரத்தில் ஈரம் சொட்டச் சொட்டப் படம் வந்தது. நாற்காலியில் மாலையோடு வெங்கடேஸ்வரன். தாடையோடு தலையைச் சுற்றி ஒரு வெள்ளைத் துணி, வழக்கத்தைவிடப் பட்டையாக. பக்கத்தில் தலையில் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் மனைவி பிருஹதாம்பாள். அந்தப் பக்கம், முகம் இருக்க வேண்டிய இடத்தில் புகையாக மகன். ஜன்னலுக்கு நேராக, இப்போது மேடு நிற்கும் அதே இடத்தில், ஆளுயரக் குத்துவிளக்கு ஒன்று ஆணி அடித்தாற்போல நேராக நின்றது. அதன் காலடியில் பலகைக் கோடுகள் நோட்டில் கோடு போட்டது மாதிரி ஓடின.

"மேட்டு மேல அந்த விளக்கை நிறுத்திப் பாரு" என்றார் சங்கிலிப்பாண்டி.

"நிறுத்தினா நேரா இன்ஸ்பெக்டர் மடியிலதான் விழும்."

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் படத்தை மூன்று தரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் படத்தில் இருப்பதை இல்லை என்று சொல்லவும் முடியவில்லை. "மேடு பின்னால வந்ததுன்னா மேஸ்திரி மேல கேஸ் நிக்காது. சவம் போனதும் கழுவினோம்னு அந்த வீட்டு வேலைக்காரிகிட்ட ஒரு வார்த்தை வாங்கிட்டு வாரும். திங்கக்கிழமை விட்டுருதேன்."

*

மாடத்தியின் வீடு காசிமேஜர்புரத்தில். முற்றத்தில் விறகை ஓலைக்கடியில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது, வெற்றிலை வாய், யாருக்கும் பயப்படாத பேச்சு.

"சனிக்கிழம சவத்த எடுத்த பெறவு கூடத்தக் கழுவுனியே, எத்தன கொடம் ஊத்துன?" என்றார் சங்கிலிப்பாண்டி, பதிலை எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்தபடி.

"சனிக்கிழம எங்க கழுவுனோம்?"

பேனா நின்றது.

"முத்தம் கழுவுனேன், வாசல் கழுவுனேன். கூடத்துக்கு வாளிய எடுத்துட்டு வந்தா, ஆச்சி கையப் பிடிச்சுக்கிட்டாவ. ஏட்டி, மேஸ்திரி சொன்னது மறந்துபோச்சா, தண்ணி பட்டா பலகை கெட்டுரும், மஞ்சத்தண்ணியத் துணியில நனைச்சுத் தொட, போதும்னாவ. புருசன் போன அன்னைக்கும் எவ்வளவு நெனவு பாருங்க."

"பெறவு?"

"ஞாயித்துக்கிழம மத்தியானம் பம்பாயிலருந்து தந்தி வந்துது. தலையில காயம்னு கேள்விப்பட்டேன், வாறேன், போலீஸக் கூப்பிடாம விடமாட்டேன்னு எழுதிருந்துதாம். தம்பி படிச்சிட்டுத் தலைய பிடிச்சிட்டு உக்காந்தாரு. ஆச்சி ஒன்னும் பேசல. கொஞ்ச நேரங்கழிச்சு என்னைக் கூப்பிட்டாவ. நேத்து நல்லாக் கழுவல, தீட்டு கெடக்கு, கூடத்துல தண்ணி ஊத்துன்னாவ. நான் ஒரு கொடம் ஊத்தினேன். இன்னும்னாவ. முப்பது கொடம் சொமந்தேன், என் இடுப்பு செத்துப்போச்சு. நடுவுல, ஜன்னலுக்கு நேரா ஊத்துன்னு கையக் காட்டிக்கிட்டே நின்னாவ. வாசல் பக்கம் வழிஞ்ச தண்ணியக்கூட தள்ள விடல."

ஸ்கூட்டருக்கு வந்ததும் ஒலி முகம்மது சொன்னான்.

"தீட்டக் கழிக்கல அண்ணாச்சி. மேட்டப் போட்டிருக்காவ."

காலையிலிருந்து சங்கிலிப்பாண்டி ஒரு வழக்கத்தின் மேல் கட்டிய கெட்டிக்காரத்தனம் முழுவதும் சரிந்து கிடந்தது. வழக்கப்படி வீடு கழுவியதில் அறியாமல் நேர்ந்த தவறு என்று நினைத்தார். தவறே இல்லை. ஒரு மேஸ்திரி தன் வேலை கெட்டுவிடக் கூடாதே என்று இரண்டு முறை சொல்லிவிட்டுப் போனதை, ஒருத்தி காது கொடுத்துக் கேட்டு வைத்திருந்திருக்கிறாள்.

*

ஐந்து மணிக்குப் பிருஹதாம்பாள் கூடத்துக்கு வந்தாள். மெலிந்த உடம்பு, நிமிர்ந்த முதுகு. மேட்டைச் சுற்றிக்கொண்டு வந்து கல்படியில் உட்கார்ந்தாள். சங்கிலிப்பாண்டி படத்தைக் கொடுத்தார். அவள் கணவரின் முகத்தை மட்டும் பார்த்தாள்.

"மாடத்தி சொல்லிட்டாளா?"

"முப்பது கொடம்னா."

"இருக்கும். நான் எண்ணல."

"மேஸ்திரி திங்கக்கிழமை குத்தத்தை ஒத்துக்கிடுதேன்னு உக்காந்திருக்கான் ஆச்சி. தான்தான் கொன்னோம்னு நெசமாவே நம்புதான். தூங்கல, சாப்பிடல."

"வக்கீல்கிட்ட கேட்டேன். அவனுக்கு ரெண்டு வருசத்துக்கு மேல கெடையாதாம்." குரல் காய்ந்திருந்தது. "என் மகனுக்கு அப்படி இல்ல. மேஸ்திரி வெளிய வாறவரைக்கும் அவன் பிள்ளைகளப் படிக்க வைக்கலாம்னு இருந்தேன்."

"அதை அவங்கிட்ட கேட்டியளா?"

அவள் படத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

வாசலில் கார் வந்து நின்றது. ஹரிஹரசுப்பிரமணியன் உள்ளே வந்தான். நாற்பது வயது, மழிக்காத முகம். அம்மாவையும், அந்நியர்கள் இருவரையும், அம்மாவின் மடியிலிருந்த படத்தையும் பார்த்தான். எங்கிருந்து வந்த படம் என்று கேட்கவில்லை.

"மேஸ்திரியை விட்டுருவாங்களா?" என்றாள் பிருஹதாம்பாள்.

"விட்டுருவாவ. பெறவு, அய்யா எப்படி விழுந்தாவன்னு கேப்பாவ."

"கேக்கட்டும். நான் தள்ளினேன்."

ஒலி முகம்மது நிமிர்ந்தான். சங்கிலிப்பாண்டி நிதானமாகச் சொன்னார்: "நீங்க கோயில்ல இருந்திய. மாடத்தியும் உங்க கூட இருந்திருக்கா."

"மாடத்தி எங்கிட்ட முப்பது வருசமா வேலை செய்யுதா. நான் எதைச் சொல்லச் சொன்னேனோ அதைச் சொல்லுவா. கோயிலுக்கு அவ மட்டும் போனா. நான் வீட்டுல இருந்தேன். சண்டை வந்துது. தள்ளினேன்." படத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "ஒரு நிரபராதியை வெளிய கொண்டுவரணும்னு வந்திய. கொண்டுபோங்க. மிச்சம் எங்க வீட்டு விசயம்."

"நீங்களும் நிரபராதிதான் ஆச்சி, அந்தத் தள்ளுக்கு."

"தண்ணிக்கு இல்லையே."

சங்கிலிப்பாண்டி மகனைப் பார்த்தார். இப்போது அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் உதடு அசைந்தது. "அம்மா" என்றான். அவ்வளவுதான் வந்தது.

"நீ உள்ள போ" என்றாள் அவள்.

அவன் உள்ளே போனான்.

*

18ஆம் தேதி, திங்கட்கிழமை, அருமைநாயகம் விடுவிக்கப்பட்டார். அன்று பிற்பகல் பிருஹதாம்பாள், வயது அறுபத்துமூன்று, காவல் நிலையத்துக்கு வந்து, கணவரைத் தள்ளிவிட்டது தானே என்று வாக்குமூலம் கொடுத்தாள். மாடத்தி தன் முந்தைய பேச்சை மாற்றி, கோயிலுக்குத் தான் மட்டுமே போனதாகச் சொன்னாள். சம்பவ நேரத்தில் பிருஹதாம்பாள் கோயிலில் இருந்தாள் என்று சங்கிலிப்பாண்டி எழுதிக் கொடுத்த மனு கோப்பில் சேர்க்கப்பட்டது. அவளுக்கு ஐந்து ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது. ஹரிஹரசுப்பிரமணியன் ஆகஸ்ட் 2ஆம் தேதியே ஜெர்மனிக்குத் திரும்பிவிட்டிருந்தான்.